கம்பெனி வாசலில் இல்லாத கல்

7

வாசல் நிலைக்கு மேலே கல் இருந்த இடத்தில் ஒரு சதுரப் பள்ளம்தான் இருந்தது. இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். இரண்டு மைனாக்கள் அதற்குள் போவதும் வெளியே வந்து பார்ப்பதுமாக இருந்தன.

"வீடு காலின்னா முதல்ல இதுகளுக்குத்தான் தெரியும் போல" என்றாள் பூமயில். "அட்வான்ஸ் எவ்வளவுன்னு கேக்குதுக சார்."

வீரபத்திரன் ஏணியைச் சுவரில் சாத்தி, அது ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினார். ஐம்பத்தெட்டு வயதில் ஏணி ஏறுகிறவரைக் கீழே நின்று பார்ப்பது பூமயிலுக்குப் பிடிக்காத வேலை. ஏணியின் காலை மிதித்துக்கொண்டு நின்றாள்.

1996 நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. வெள்ளாம்பட்டினத்தில் கம்பெனி வீடு என்றால் இந்த ஒரு கட்டடம்தான். ஒல்லாந்துக்காரர்களின் கம்பெனி இந்தக் கரையில் சங்கும் துணியும் வாங்கிக் கப்பலேற்றிய காலத்தில் அதன் தலைமை அலுவலகம் இங்கே இருந்தது. கீழ்த்தளம் சரக்கு வைக்கும் கிட்டங்கி, மேல்தளம் பெரிய துரை அலுவல் பார்த்த கச்சேரி. கடலுக்குள்ளிருந்து வெட்டியெடுத்த பவளக்கல்லால் மூன்றடி கனத்தில் எழுப்பிய சுவர். கம்பெனி போனபின் யார் யாரோ இருந்துவிட்டுப் போய், கடைசியில் உப்பு மூட்டைகள் மட்டும் மிஞ்சின. வாசலுக்கு மேலிருந்த கருங்கல்லில் பாய் விரித்த ஒரு கப்பலும், அதன் கீழே கம்பெனியின் முத்திரையும் ஆண்டும் செதுக்கியிருந்தன. அந்தக் கல்தான் செவ்வாய்க்கிழமை காலையில் காணாமல் போயிருந்தது.

கட்டடத்துக்குக் காவல் மலையாண்டி. சாவி அவரிடம். திங்கட்கிழமை முழுக்க அவர் ஊரில் இல்லை. எங்கே போனாய் என்று போலீஸ் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. பழம்பொருள் வியாபாரி யாருக்கோ விலை பேசி லாரியில் ஏற்றிவிட்டார் என்று எழுதி, ராமநாதபுரம் கிளைச் சிறையில் அடைத்துவிட்டார்கள்.

அவர் மகள் இராமலட்சுமி மதுரையில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புதன்கிழமை அவள் வீரபத்திரனின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தபோது அப்பா திருடவில்லை என்று அழவில்லை. ஒரு மருந்துக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவருக்கு மதுரையில் கண் ஆபரேஷன் நடந்திருந்தது. உப்பளத்து வெளிச்சத்தில் ஒரு கண் முன்பே போய்விட்டது, இது மிச்சமிருந்த கண். இரண்டு மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். சிறையில் யார் விடுவார்கள்?

"எங்கய்யா திரும்பி வரும்போது கண்ணோட வரணும் சார்" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

வீரபத்திரன் ஏணியின் மேலிருந்து குரல் கொடுத்தார். கல்லைச் சுற்றியிருந்த சுண்ணாம்பைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை என்றார். பிறகு பள்ளத்தின் அடியில் விரலை வைத்து, அந்த விரலை நாக்கில் வைத்தார்.

"சார், மதியச் சாப்பாடு வாங்கித் தாரேன். சுவத்தை விட்டுருங்க."

"உப்பு" என்றார் அவர்.

இறங்கி வந்து, கிட்டங்கிக்குள் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளைக் காட்டினார். ஒன்பதடி உயரத்தில் இருநூறு கிலோ கல். கிரேன் இல்லை, சங்கிலி இல்லை. வாசலில் மூட்டைகளை நிலை உயரத்துக்கு அடுக்கி, கல்லை முன்னால் இழுத்து மூட்டைமேல் சாய்த்திருக்கிறார்கள். அப்புறம் ஓரத்து மூட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தால் கல் தானாகக் கீழே இறங்கிவிடும். மூட்டை அடுக்கியே முதுகு வளைந்தவர்களுக்குத்தான் இது தோன்றும். பழம்பொருள் திருடனுக்குத் தோன்றாது.

"அப்ப உப்பளத்து ஆளுக. மலையாண்டியும் உப்பளத்து ஆளுதானே சார்?"

"ஆபரேஷன் பண்ண கண்ணோட குனியக்கூடாது, தூக்கக்கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். மகளுக்குப் பயந்தாவது அதைக் கேட்டிருப்பார். அவர் தூக்கலை. ஆனா தூக்கினது யாருன்னு அவருக்குத் தெரியும்."

தெருமுனையில் முஹைதீனின் ஐஸ் டிப்போ. மீனுக்கு ஐஸ் விற்கிறவர், ஆனால் அன்று அவர் கடையில் ஐஸ் இல்லை. மரத்தூள் மட்டும் ஈரமாகக் கிடந்தது. திங்கட்கிழமை விடிகாலையில் மலையாண்டி காலிப் பையோடு போனதையும், பொழுது சாயும்போது பையில் எதையோ மஞ்சள் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்ததையும் பார்த்துப் போலீசிடம் சொன்னவர் அவர்தான். முதுகுளத்தூர் பஸ் என்றும் சொல்லியிருந்தார். சொன்னதிலிருந்து மனசு சரியில்லை என்றார். உள்ளதைத்தான் சொன்னேன், அதை வைத்து ஒரு மனுசனை உள்ளே போடுவார்கள் என்று தெரியாது என்றார்.

"ஐஸ் ஏன் இல்லை பாய்?" என்று வீரபத்திரன் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மழையில தரைப்பாலம் போச்சுல்ல சார். நீங்களும் முட்டளவு தண்ணியிலதானே நடந்து வந்தீக? அஞ்சு நாளா ஐஸ் லாரி உள்ள வரல, பஸ்ஸும் அக்கரையோட திரும்பிருது. கரைக்கு வந்த மீனெல்லாம் கருவாடாப் போயிருச்சு."

"வேற பாதை?"

"கடலு இருக்கு. அதுவும் கொண்டல் காத்தடிச்சுக் கிடக்கு, ஒரு வள்ளம் இறங்கல."

பூமயில் வீரபத்திரனைப் பார்த்தாள். ஐஸ் உள்ளே வர முடியாத ஊரிலிருந்து கல் எப்படி வெளியே போகும்? போலீஸ்காரர்களும் அதே தண்ணீரில் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டுதான் நடந்து வந்திருப்பார்கள். நடக்கும்போது யோசிக்கவில்லை போலிருக்கிறது.

"கல்லு ஊருக்குள்ளதான் இருக்கு" என்றாள். "முப்பத்தோரு வீட்டையும் போலீஸ் புரட்டிப் பாத்துருச்சு. இருநூறு கிலோவை யாரும் குழம்பு வச்சிருக்க முடியாது."

அந்த முப்பத்தோரு வீடுகளும் கம்பெனி மதில் சுவரின் உள்பக்கம், மதிலையே பின்சுவராக வைத்துக் கட்டியவை. எழுபத்து நான்காம் வருஷப் பஞ்சத்தில் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஒரே கிராமத்திலிருந்து உப்பளத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். கிட்டங்கிக்காரர் இருக்கச் சொன்னார், இருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது. பட்டா கிடையாது. மழைக்காலம் என்பதால் உப்பளம் மூடிக்கிடந்தது. ஆண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் இருவரும் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

மலையாண்டியின் தங்கை ராக்கு எதிரே வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை உப்பு அரித்த தோல். அண்ணனுக்காக வந்தவர்கள் என்று கேட்டும் அவள் முகத்தில் வெளிச்சம் வரவில்லை. போலீஸ் பார்த்துவிட்டதே, இன்னும் என்ன என்றாள். வீரபத்திரன் சும்மா நடந்து பார்க்கிறோம் என்றார்.

வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு பூவரச மரம். அதன் அடியில் இடுப்பளவுக்கு ஒரு சாமிக்கல். மஞ்சள் துணி சுற்றி, எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு மாலை போட்டிருந்தார்கள். மரத்தோடு முதுகை ஒட்டி நின்றது.

பூமயில் செருப்பைக் கழற்றினாள். அவளும் முதுகுளத்தூர்ப் பக்கம்தான். மதுரைக்குப் போய்ப் பதினைந்து வருஷம், அதில் ஒன்பது வருஷம் காக்கி உடுப்பு, ஆறு வருஷம் வீரபத்திரனிடம். எல்லாரையும் எல்லாவற்றையும் கிண்டல் செய்வாள், இந்த ஒன்றைத் தவிர. குனிந்து கல்லின் அடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப்போன கை பாதியில் நின்றது. விரல் நுனியைப் பார்த்தாள். மறு கையின் பெருவிரலால் தேய்த்தாள். பிறகு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூமயில் அரை நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்தால் வீரபத்திரனுக்குப் பயம் வந்துவிடும்.

"என்ன சாமி இது?" என்று ராக்குவிடம் கேட்டார்.

"முனியசாமி. எங்க குலசாமி. நாங்க வந்த நாள்ல இருந்து இங்கனதான் நிக்கிறாரு. இருவது வருசத்துக்கு மேல இருக்கும்."

ராமநாதபுரத்தில் தந்தையைப் பார்க்கப் போன இராமலட்சுமி அப்போதுதான் தண்ணீரைக் கடந்து நனைந்த பாவாடையோடு வந்து சேர்ந்தாள். காலையில் ஒரு வார்டரிடம் கெஞ்சி ஒரு தரம் மருந்து விட வைத்தேன், கண் சிவந்து நீர் வடிகிறது என்று மூச்சு வாங்கச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை மரத்தடிக்குப் போனது.

"அத்தை, இங்கன எப்ப சாமி வச்சீக?"

உட்கார்ந்திருந்த ஆண்களில் ஒருவன் எழுந்தான், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றான்.

வீரபத்திரன் பூமயிலிடம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. உங்க பக்கத்து விஷயம்."

பூமயில் கையை நீட்டிக் காட்டினாள். விரலில் கறுப்பாக ஒட்டியிருந்தது. வெள்ளாம்பட்டினத்தில் எங்கே தோண்டினாலும் வெள்ளை மணல். இது கரிசல்.

"பிடிமண்ணு சார். அசலூர்ல குலசாமிக்கு இடம் வைக்கிறவுக சும்மா கல்லை நட மாட்டாக. தாய்க்கோயிலுக்குப் போயி, சாமிகிட்ட உத்தரவு கேட்டு, ஒரு பிடி மண்ணு எடுத்து மஞ்சத்துணியில கட்டி, கீழ வைக்காம கொண்டு வருவாக. அதுக்கு மேலதான் கல்லு. அங்கன குனிஞ்சு பாருங்க, பிடிச்ச பிடி அப்பிடியே இருக்கு. விரல் பதிஞ்சது நாலும் தெரியுது. ஒரு மழை பேஞ்சிருந்தா கரைஞ்சு மணலுக்குள்ள போயிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மழை இல்லை. திங்கட்கிழமை மலையாண்டி முதுகுளத்தூருக்கு எதற்குப் போனார், மஞ்சள் துணியில் எதைச் சுற்றி வந்தார் என்று இனி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசல் கல்லின் கப்பல் செதுக்கிய பக்கம் மரத்தைப் பார்த்து நின்றது.

"கல்லை ஒளிக்கணும்னா நாலடி மணலைத் தோண்டிப் புதைச்சிருக்கலாம்" என்றார் வீரபத்திரன். "போலீஸ் கடப்பாரையால குத்திப் பாக்கும்னு தெரிஞ்சுதான் சாமியாக்கினீங்க. தொப்பியைக் கழட்டிக் கும்பிட்டுட்டுப் போயிட்டாங்க. நல்ல யோசனை. ஆனா பொய்யா ஒரு சாமி வைக்க வெறும் மணல் போதும். அது உங்களால முடியல."

"முனியசாமி பேரைச் சொல்லி வெறுங்கல்லை நட்டுட்டு, அவரு முன்னாடி பிள்ளைகுட்டியோட குடியிருக்க முடியுமாய்யா?" என்றாள் ராக்கு. குரலில் வருத்தம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. இதைக் கூடவா கேட்பார்கள் என்பதுபோல. "மண்ணு எடுத்துட்டு வாரேன்னு அண்ணன்தான் போச்சு. கண்ணு வலியோட."

எதற்காகச் செய்தார்கள் என்பதை அவள் சுருக்கமாகச் சொன்னாள். தொல்லியல் துறையிலிருந்து வருகிறார்கள், கட்டடத்தைக் காபந்து செய்யப்போகிறார்கள் என்று போன மாதம் தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னான். மதிலுக்குள் ஒரு குடிசைகூட நிற்கக்கூடாதாம். இது கம்பெனி வீடுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மலையாண்டி கேட்டிருக்கிறார். அந்த ஆள் வாசலுக்கு மேலே கையைக் காட்டியிருக்கிறான். கல் இல்லாவிட்டால் இது ஏதோ ஒரு பழைய கிட்டங்கி. பழைய கிட்டங்கிக்காக யாரும் முப்பத்தோரு வீட்டை இடிக்க மாட்டார்கள். இன்று நாலு மணிக்கு அதிகாரி வந்து, பார்த்து, போய்விட்டால் முடிந்தது. அதுவரை வாயைத் திறக்காமல் இருப்பதாக மலையாண்டி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இராமலட்சுமி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நீ அய்யா கண்ணுக்காக ஊரைக் காட்டிக்கொடுத்திருவ என்றாள் ராக்கு.

வீரபத்திரன் தனியே தள்ளிப் போய் நின்றார். மலையாண்டியை வெளியே கொண்டுவர அவரிடம் இப்போது எல்லாம் இருந்தது. லாரி வரவில்லை என்பதற்கு ஐஸ் சாட்சி. கல்லை விற்கவில்லை என்பதற்குக் கல்லே சாட்சி. ஆனால் லாரி வரவில்லை என்று ஸ்டேஷனில் சொன்ன மறு நிமிஷம் அவர்கள் மதிலுக்குள் தேட வருவார்கள். அந்த மனிதரை வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு வாக்கியமும் நேராகப் பூவரச மரத்தடிக்கு வந்து நின்றது.

"என்ன சார் செய்யப் போறீங்க?" என்று பூமயில் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"நமக்கு வேலை குடுத்தது அந்தப் பொண்ணு. அவ சொல்லட்டும்."

"ரொம்ப வசதியான பதில் சார்" என்றாள் பூமயில். இந்த முறை அது நகைச்சுவை இல்லை.

நாலு மணிக்குச் சொன்னபடியே அதிகாரி வந்தார். பெயர் சித்தி ஜுனைதா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்கு மேல்வரை நனைந்து, அளவு நாடா வைத்திருந்த ஒரு பணியாளோடு நடந்து வந்தார். தாசில்தார் தண்ணீருக்கு அக்கரையிலேயே ஜீப்பில் உட்கார்ந்துவிட்டாராம். வாசலுக்கு மேலிருந்த பள்ளத்தை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். முப்பத்தோரு வீட்டு ஜனமும் அவர் முகத்தைப் பார்த்தது.

ஜுனைதா பையிலிருந்து பாலிதீன் உறைக்குள் வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். ஒரு வரைபடத்தின் நகல். ஒல்லாந்திலிருக்கும் ஒரு நூலகத்திலிருந்து தபாலில் வந்தது என்றார். கம்பெனியின் சொந்த நில அளவைக்காரன் வரைந்தது. கிட்டங்கி, மாடிப்படி, கச்சேரி அறை, எத்தனை ஜன்னல், எந்தச் சுவர் எத்தனை அடி என்று எல்லாம் அதில் இருந்தது. பணியாள் நாடாவைப் பிடிக்க, வடக்குச் சுவரை அளந்தார்கள். அரை அடிகூட மாறவில்லை.

"கல் போனது வருத்தம்தான்" என்று அவர் வீரபத்திரனிடம் சொன்னார். "இருந்தா அழகா இருந்திருக்கும். ஆனா அது இல்லாட்டியும் கட்டடம் இதுதான் சார். முதல்லயே எங்களுக்கு இந்தப் படம் வந்திருச்சு. கல்லைப் பாத்து யாரும் முடிவு பண்றதில்ல."

வீரபத்திரன் வீடுகளைப் பற்றிக் கேட்டார். ஜுனைதா வரைபடத்தில் மதில் சுவரைக் குறிக்கும் கோட்டின்மேல் விரலை வைத்தார். அறிவிப்பு வந்தபின் மூன்று மாதத்தில் நோட்டீஸ் வரும் என்றார். மாற்று இடம் கொடுத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று எழுதுகிறேன், எழுதுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது, அதற்குமேல் நடக்கும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு அடுத்த சுவரை அளக்கப் போனார்.

அவர் பேசியது அங்கே நின்ற எல்லார் காதிலும் விழுந்திருந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. ராக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கல்லை இறக்கினதும், கரிசல் மண்ணுக்காகக் கண்வலியோடு பஸ் ஏறினதும், நாலு நாள் சிறையும் ஒன்றுக்கும் ஆகவில்லை.

முதலில் பேசியது இராமலட்சுமிதான். "கல்லைக் குடுத்தா அய்யாவை விட்டுருவாகளா சார்?"

"வித்தாருங்கறது போயிரும். இடத்தை மாத்தினதுக்கு ஒரு கேஸ் நிக்கும். ஆனா நாளைக்கே ஜாமீன் கேக்கலாம், கிடைக்கும்" என்றார் வீரபத்திரன். "மூட்டை அடுக்கினவங்களும் ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும்."

முன்பு எழுந்து நின்ற அந்த ஆள் தலையை ஆட்டினான். வாரோம் என்றான்.

"கல்லைக் குடுக்க முடியாது" என்றாள் ராக்கு. "அது இப்ப கல்லு இல்ல. மண்ணு வச்சு, பேரு சொல்லி, சேவல் குடுத்தாச்சு. முனியசாமியைப் பேத்து எந்தக் கையி ஸ்டேஷன்ல வைக்கும்?"

போலீசிடமிருந்து மறைக்க வைத்த சாமி இப்போது மலையாண்டிக்கும் ஜாமீனுக்கும் குறுக்கே நின்றது. ஆண்கள் பின்னால் நகர்ந்தார்கள். தூக்கி வைத்த அதே கைகள்தான். பூமயிலும் முன்னால் போகவில்லை. வீரபத்திரன் அவளைப் போகச் சொல்லவும் இல்லை.

"சாமியைத் திருப்பி அனுப்ப வழியே இல்லையா அத்தை?" என்று இராமலட்சுமி கேட்டாள்.

வழி இருக்கிறது என்று ராக்கு ஒப்புக்கொண்டாள். பிடிமண்ணை எடுத்துத் தாய்க்கோயிலில் சேர்த்துவிட்டால் சாமி ஊருக்குப் போய்விடும். ஆனால் கொண்டுவந்தவன்தான் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அவன் மகன்.

"கொண்டாந்தவரு ஜெயில்ல இருக்காரு. கல்லு போனாத்தான் அவரு வெளிய வருவாரு. அவரு வந்தாத்தான் கல்லு போகும்." இராமலட்சுமி எழுந்தாள். "மகன் எங்க இருக்கான்? நான் ஒருத்திதானே?"

"பொம்பளப்பிள்ள தொடக்கூடாதுத்தா. நாளைக்கு நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ."

"கண்ணுக்கு மருந்து ஊத்தும்போது யாரும் அப்பிடிச் சொல்லலையே அத்தை."

அவள் மரத்தடியில் மண்டியிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள், மன்னிப்பா உத்தரவா தெரியவில்லை. கல்லுக்கும் மணலுக்கும் நடுவே விரல்களை நுழைத்துக் கரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து உள்ளங்கையில் சேர்த்தாள். யாரும் தடுக்கவில்லை. சாமியைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியின் ஒரு முனையைக் கிழித்து அதில் கட்டினாள். கட்டியதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தபோது அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

மதிலை அளந்துகொண்டு வந்த பணியாள் முதல் வீட்டின் அடுப்படியைத் தாண்ட முடியாமல் நாடாவோடு நின்றான். உள்ளே போகலாமா என்று கேட்டான். ராக்கு அவனைப் பார்த்தாள். பிறகு நீளத்துக்கு நின்ற முப்பத்தோரு வீடுகளையும் பார்த்தாள். கடைசியாக, மண் முடிச்சோடு தனியாக நின்ற அண்ணன் மகளைப் பார்த்தாள்.

"அடுப்பு எரியுது, பாத்துப் போ" என்று அவனிடம் சொன்னாள்.

அப்புறம் ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நிக்காதீக. கடப்பாரையை எடுத்துட்டு வாங்க. இது கல்லுதான்."